பின்னால வர்றவங்க

தமிழா தம்பி? அதானே பாத்தேன். போன்ல யாரையோ "சாப்ட்டியா"ன்னு கேட்டீங்கள்ல, அந்த ஒரு வார்த்தையில புடிச்சுட்டேன். ஊரை விட்டுக் கிளம்புனதுல இருந்து தமிழ் காதுல விழல, நாக்கு அண்ணத்துல ஒட்டிக்கிச்சு. கொஞ்சம் தள்ளி உக்காருங்க. இல்ல இல்ல, ஜன்னல் பக்கம் எனக்கு வேண்டாம், பள்ளம் தெரியுது. பயமெல்லாம் இல்ல. பஸ்ஸுல போறப்ப கீழ பாக்கப் புடிக்காது, அவ்வளவுதான். நடந்து போனா எத்தனை பெரிய பள்ளத்தையும் எட்டிப் பாப்பேன்.

இம்புட்டு வடக்க வந்து ரோடு போடுற கம்பெனியில வேலையா? நல்லது. சொந்த ஊரு? திருவண்ணாமலையா! அப்ப நடையப் பத்தி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. நமக்கு அருப்புக்கோட்டை. சிமெண்டு, கம்பி, பெயிண்ட் ஏவாரம். அது சோத்துக்கு. ஊருக்குள்ள போயி சிமெண்டுக்கடை சங்கரபாண்டின்னு கேட்டா முழிப்பாங்க. பழனி சங்கரபாண்டின்னு கேளுங்க, கையப் புடிச்சு வீட்டு வாசல்ல கொண்டாந்து விட்டுட்டுப் போவாங்க. போன வருசம் வரைக்கும் அப்படித்தான். இப்ப கேட்டா என்ன சொல்லுவாங்களோ, எனக்குத் தெரியாது. சனங்க நாக்கு இருக்கே, அதுக்கு எலும்பு கிடையாது.

அந்தா, டிரைவருக்குப் பின் சீட்டு, பச்சை சால்வை போத்திக்கிட்டு உக்காந்திருக்கால்ல, அதான் எங்க வீட்டம்மா. ஜெயக்கொடி. பஸ்ஸுல வாந்தி வரும்னு முன்னால போயி உக்காந்துட்டா. ரயில்லயும் வேற பெட்டியிலதான் எடம் கிடைச்சுது அவளுக்கு. தூங்கல, முழிச்சுக்கிட்டுத்தான் இருக்கா. பேச்சு கொஞ்சம் கொறைஞ்சு போச்சு. வயசானா பொம்பளைகளுக்கு அப்படித்தான் ஆகுமாமே.

நாங்க எங்க போறோமா? நடக்கத்தான். இந்த பஸ்ஸு நிக்குற கடைசி ஊருல இருந்து மேல ஏறினா மூணு நாலு நாள் நடை. வழி பூராம் ஏரி. ஒரு கணவாய் தாண்டணும். தாண்டினா அந்தப் பக்கம் இன்னும் ரெண்டு ஏரி. ஏரின்னா நம்ம ஊரு கண்மாய் மாதிரி நினைச்சுராதீங்க. தண்ணி அப்படியே மயில் கழுத்து நிறத்துல நிக்கும். கைய விட்டா வெரல் மரத்துப் போகும். பேரெல்லாம் இந்திக்காரன் பேரு, நம்ம வாயில நுழையாது. அதனால நாங்களே பேரு வச்சுக்கிட்டோம். முதல்ல வர்றது தெப்பக்குளம். ரெண்டாவது சரவணப் பொய்கை. கணவாய்க்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன குட்டம் இருக்கு, அதுக்கு ஊருணின்னு பேரு. அதுக்கும் கீழ பெரிய ஏரி. அந்த ஊருணிப் பேரு வச்சது எங்க தனுஷ்கோடிதான். "அத்தான், இது நம்ம ஊருணி சைஸுதான் இருக்கு"ன்னு படத்துல பாத்தே சொன்னான்.

தனுஷ்கோடி யாருன்னா, இவ தம்பி. கூடப் பிறந்த ஒரே தம்பி. தாயார் சின்ன வயசுலயே போயிட்டதால இவதான் தூக்கி வளத்தா. எங்க கல்யாணத்துல சீதனத்தோட சேந்து அவனும் வந்தான்னு நான் கேலி பண்ணுவேன். கல்யாணம் பண்ணிக்கல. எங்க வீட்டு மாடியிலதான் இருந்தான், நம்ம கடையிலதான் நின்னான். அவனை மாதிரி ஒருத்தனைப் பாக்க முடியாது தம்பி. நில்லுன்னா நிப்பான். ஏன் நிக்கணும்னு கேக்க மாட்டான். ஒரு தடவை கம்பி லாரி வருது, வாசல்லயே நில்லுடான்னு சொல்லிட்டு நான் ஒரு சாவுக்குப் போயிட்டேன். லாரி வரல. சாயங்காலம் திரும்பி வந்தா, வெயில்ல வெந்து போயி அதே எடத்துல நிக்கிறான். சாப்பிடக்கூடப் போகல. இவ அன்னைக்கு என்னைப் புடிச்சு ஏசுனா பாருங்க! எனக்குச் சிரிப்புதான் வந்துச்சு.

நம்ம பழனி நடையப் பத்திச் சொன்னாத்தான் மத்தது உங்களுக்கு வெளங்கும். தைப்பூசத்துக்கு வருசா வருசம் நம்ம குரூப்பு கிளம்பும். எல்லாம் வெறுங்காலு, பச்சை வேட்டி. வேல் என் கையில. வேல் புடிச்சவன் நிக்கக் கூடாது, திரும்பிப் பாக்கக் கூடாது. சாத்திரத்துல இருக்கான்னு கேக்காதீங்க, நானா வச்ச சட்டம். நடையில ஒருத்தன் உக்காந்தா பத்துப் பேரு உக்காருவான். உக்காந்தா கால் கட்டிக்கிரும், அப்புறம் கிரேன் வச்சுத்தான் தூக்கணும். அதனால ஒருத்தன் சோந்துட்டான்னா அவனுக்காக மொத்த சனத்தையும் நிறுத்த மாட்டோம். ரோட்டோரமா உக்கார வச்சு, "பின்னால வர்றவங்களோட வந்துரு சாமி"ன்னு சொல்லிட்டுப் போயிக்கிட்டே இருப்போம்.

இதைக் கல்லு மனசுன்னு சொல்லுறாங்க இப்ப. அந்த ரோட்டைப் பாத்தவன் சொல்ல மாட்டான். எங்களுக்குப் பின்னால சாத்தூர்க்காரன் வருவான். அவனுக்குப் பின்னால கோவில்பட்டிக்காரன், தூத்துக்குடிக்காரன், ராவும் பகலும் சனம். ஒருத்தன் மோர் கொடுப்பான், ஒருத்தன் காலைப் புடிச்சு தைலம் தேச்சு விடுவான். அன்னதானப் பந்தல்ல நாம போயி எலையில உக்காரும்போது, விட்டுட்டு வந்த ஆளு எதிர் வரிசையில ரெண்டாவது தடவை சாம்பார் கேட்டுக்கிட்டு இருப்பான். இத்தனை வருசத்துல ஒரு ஆளைத் தொலைச்சதில்ல தம்பி. ஒரே ஒரு ஆளு, சொல்லச் சொல்லுங்க பாப்போம்!

இந்த மலைக்கு வந்தது அந்தத் தைரியத்துலதான். நம்ம குரூப்புல மருந்துக்கடைக்காரர் ஒருத்தர், போன்ல இந்த ஏரிகளைக் காட்டி, "பாண்டியண்ணே, ஐ.டி. கம்பெனிப் பயலுகளே பையை மாட்டிக்கிட்டுப் போயிட்டு வர்றானுக, நாம எத்தனை வருச நடைக்காரங்க"ன்னு உசுப்பேத்தி விட்டாரு. எனக்கும் ரோசம் வந்துருச்சு. வயசுப் பயலுக மூச்சு வாங்கிக்கிட்டுப் போற எடத்துக்கு நாம வெறுங்காலோடயே போவோம்னேன். சரி, ஷூ போட்டுக்கிட்டோம். ஆனா போட்ட முதல் நாளே எனக்கு அது இல்லாம நடக்க முடியும்னு தோணிருச்சு. ஒரு பத்துப் பன்னெண்டு பேரு கிளம்பினோம். தனுஷ்கோடி வர்றேன்னு சொல்லல. நான்தான் வாடான்னேன். வந்தான்.

கிளம்புற அன்னைக்கு இவ வாசல் வரைக்கும் வந்தா. "அவன் வாயத் திறந்து சொல்ல மாட்டான், நீங்கதான் மூஞ்சியப் பாத்துக் கண்டுபுடிக்கணும்"னா. சரின்னேன். இதைச் சத்தியம் வாங்குன மாதிரி இப்ப வச்சுக்கிட்டா நான் என்ன செய்ய? ஊருக்குப் போறவங்ககிட்ட எல்லாரும் சொல்லுறதுதானே.

இங்க வந்தா பிரேம் சிங்னு ஒரு கைடு. நல்லவன், ஆனா பயந்தாங்கொள்ளி. முதல் நாளே ஒரு சட்டம் சொன்னான். யாரு ரொம்ப மெதுவா நடக்குறாங்களோ அவங்கதான் முன்னால போகணுமாம், மத்தவங்க அவங்களைத் தாண்டக் கூடாதாம். எனக்குச் சிரிச்சு மாளல. நொண்டிக்கிட்டு வர்றவன் கையில வேலைக் கொடுத்தா நாம என்னைக்குப் பழனி போய்ச் சேர்றது? இன்னொண்ணு, அவனோட ஆளு ஒருத்தன், எல்லாருக்கும் கடைசியில சும்மா கைய வீசிக்கிட்டு ஊர்ந்து வர்றான். எதுக்குடான்னா அதான் அவன் வேலையாம். காசு கொடுத்து ஒரு ஆளை ஊர்றதுக்கு வச்சிருக்காங்க, இந்த அநியாயத்தை எங்க போயிச் சொல்ல?

சோத்துப் பிரச்சினைதான் முதல்ல வந்துச்சு. உயரத்துல அரிசி வேகாது தம்பி, உங்களுக்குத் தெரியும். போய்ச் சேந்தப்புறம் அவசரமா வச்சா குக்கர்லயும் அரை வேக்காட்டுச் சோறுதான். அவனுக சப்பாத்தியைத் தின்னுட்டுப் படுத்துருவானுக. நம்ம ஆளுக்குச் சுடுசோறும் ரசமும் தொண்டையில எறங்கலைன்னா தூக்கம் வராது. அதனால மூணாம் நாள் காலையில நான் ஒரு ஏற்பாடு பண்ணினேன். கடைசியில ஊர்ந்து வர்றவனைக் கூப்பிட்டேன். குக்கரைக் கையில கொடுத்து, குதிரைக்காரனோட முன்னால போயி உலை வையிடான்னேன். நாங்க கணவாய் தாண்டிப் போய்ச் சேர்றப்ப சோறு தயாரா இருக்கணும்னேன். பிரேம் சிங் ஏதோ கத்துனான். பேசுன காசுக்கு மேல கொஞ்சம் தர்றேன்னேன், வாய மூடிக்கிட்டான். எல்லாரும் கைதட்டுனாங்க. அன்னைக்குக் கைதட்டுனவங்கதான் ஊருக்குப் போயி நான் அந்த ஆளை அனுப்பிட்டேன்னு பேசுறவங்க. சோறு தின்னது யாரு? நான் மட்டுமா தின்னேன்?

தனுஷ்கோடிக்கு ரெண்டாம் நாளே தலைவலி. சாப்பாடு இறங்கல, ஒரு தடவை வாந்தி எடுத்தான். பித்தம்னு சொல்லி சுக்கைத் தட்டிப் போட்டுக் கொடுத்தேன். மருந்துக்கடைக்காரரு ஒரு மாத்திரை கொடுத்தாரு. பிரேம் சிங் அவன் கண்ணு முன்னால வெரலைக் காட்டி என்னமோ பாத்துட்டு, கீழ கூட்டிட்டுப் போயிரணும், நாளைக்கு ஏத்தக் கூடாதுன்னான். நான் தனுஷ்கோடியைக் கேட்டேன். "என்னடா, எறங்கிர்றியா?" "நீங்க சொல்லுங்க அத்தான்"னான். நம்ம குரூப்புல பாதியில எறங்குனதா ஒரு பேரு வரலாமா? வருவான், நடந்தா சரியாப் போகும்னு சொல்லிட்டேன். நடந்தாச் சரியாப் போகும் தம்பி, நான் எத்தனை பேரைப் பாத்திருக்கேன்.

ஒண்ணும் பயப்படாதீங்க, இந்த டிரைவர் இப்படித்தான் திருப்புவான். மழை தூறுது பாருங்க. மேல பனியா இருக்கும்.

கணவாய் வரைக்கும் அவன் வந்துட்டான். அதைச் சொல்லணும்ல? ஏறி நின்னு என்னைப் பாத்துச் சிரிச்சான். ஒதடு நீலமா இருந்துச்சு, குளிருல எல்லாருக்கும் அப்படித்தான் இருந்துச்சு. அதுக்கப்புறம் எறக்கம். எறக்கத்துல என்ன கஷ்டம்? மஞ்சு வந்து எறங்கிருச்சு, பத்தடி தள்ளி நிக்குறவன் தெரியல. எல்லாருக்கும் பசி. சோத்தை நினைச்சுக்கிட்டு வேகமா எறங்குறாங்க. பிரேம் சிங் வழி காட்ட முன்னால போயிட்டான். நான் கொஞ்சம் பின்தங்கி வந்தேன், கால்ல கொப்புளம். அப்ப அந்த ஊருணிக்கிட்ட, தட்டையா ஒரு கல்லு, அதுல தனுஷ்கோடி உக்காந்திருக்கான்.

"எந்திரிடா"ன்னேன். "தலை சுத்துது அத்தான், கொஞ்சம் மூச்சு வாங்கிக்கிறேன்"னான். எனக்கு முன்னால போறவங்க சத்தம் கொறைஞ்சுக்கிட்டே போகுது. மஞ்சுல வழி தப்பிட்டா? அவனைத் தூக்கிட்டுப் போற ஒடம்பா என்னுது? வாய் தானாச் சொல்லிருச்சு. "சரி, மூச்சு வாங்கிக்க. இங்கயே இரு, எங்கயும் போயிராத. பின்னால வர்றவங்களோட வந்துரு"ன்னேன்.

அவன் என்னைப் பாத்தான். "யாரு வருவாங்க அத்தான்?"னான்.

கேள்வியைப் பாருங்க! என் வாழ்நாள்ல அவன் என்கிட்ட எதிர்க்கேள்வி கேட்டதே கிடையாது. எனக்கு எரிச்சலாப் போச்சு. "வருவாங்கடா"ன்னேன். "சரிங்க அத்தான்"னான். பையைக் கழட்டி மடியில வச்சுக்கிட்டு நல்லாச் சாஞ்சு உக்காந்தான். நான் கிளம்பிட்டேன்.

எனக்கு நீங்க ஒண்ணு சொல்லுங்க தம்பி, படிச்சவரு. வழின்னு ஒண்ணு இருந்தா அதுல ஆள் வரணுமா வேண்டாமா? வழி எதுக்குப் போட்டிருக்கான்? அன்னைக்கு நமக்குப் பின்னால எவனும் வரலைன்னா அது என் தப்பா? அந்த சீசன்லயே நாங்கதான் கடைசிக் கூட்டம்னு பிரேம் சிங் அப்புறம் சொல்றான். முன்னாலயே சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே? சொன்னேங்கிறான். சொல்லியிருக்கலாம், அவன் இந்தி யாருக்குப் புரியுது?

கீழ போனோம். டெண்ட்டுக்குள்ள ஆவி பறக்குது சோறு. குழையக் குழைய வெந்திருக்கு. பூண்டு ரசம். சொன்னா நம்ப மாட்டீங்க, என் ஆயுசுல அப்படி ஒரு சோறு நான் சாப்பிட்டதில்ல. தட்டுல பாதி தின்னுட்டேன். அப்பத்தான் பிரேம் சிங் ஒவ்வொருத்தரா வெரல் நீட்டி எண்ணிக்கிட்டு வந்தவன், என்கிட்ட நின்னான். தனுஷ்கோடி பிரேம் சிங்கோட முன்னால வந்திருப்பான்னு பாதிப் பேரு நினைச்சிருக்காங்க, என்னோட வருவான்னு அவன் நினைச்சிருக்கான். "பின்னால வருவான்"னேன் நான். அவன் யாரோட யாரோடன்னு இந்தியில கேட்டுக்கிட்டே இருந்தான். மூஞ்சி வெளுத்துப் போச்சு அவனுக்கு. டார்ச்சை எடுத்துக்கிட்டு அவனும் அந்த உலை வச்சவனும் ஓடுனாங்க. ஆலங்கட்டி கொட்டுது. நடுவுல ஒரு ஓடை, நாங்க எறங்கி வர்றப்ப கணுக்கால் தண்ணி, அப்ப இடுப்புக்கு மேல ஓடுதாம். தாண்ட முடியாம திரும்பி வந்துட்டாங்க. நானும் போறேன்னுதான் சொன்னேன். கொப்புளம் உடைஞ்சு ஷூவுக்குள்ள கால் நுழையல.

விடிஞ்சதும் போனாங்க. இருந்தான். எங்கயும் போகல. உக்காந்த கல்லுலயே உக்காந்திருந்தான், பையை மடியில வச்சுக்கிட்டு.

நான் அழுதேன் தம்பி. பொய் சொல்லல. என் சொந்தத் தம்பி போயிருந்தாக்கூட அப்படி அழுதிருக்க மாட்டேன். அழுதுக்கிட்டே கோவமும் வந்துச்சு. ஏன்னா அந்தப் பைக்குள்ள கம்பளி இருக்கு, ஸ்லீப்பிங் பேக் இருக்கு, பிஸ்கட்டு இருக்கு. ஒண்ணையும் எடுக்கல. ஜிப்பைக்கூடத் திறக்கல. கட்டுன பை கட்டுனபடி, எந்நேரமும் எந்திரிச்சுக் கிளம்புறவன் மாதிரி. எவனாவது குளிருல சாகுறப்ப கம்பளியை மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருப்பானா? அந்தப் புத்தி இல்லையே! இன்னொண்ணு, அவன் மேல கணவாயைப் பாத்து உக்காந்திருந்தான். நாங்க இருந்தது கீழ. டெண்ட்டு வெளிச்சம், சோறு, ஆளு, எல்லாம் கீழ. கீழ பாத்திருந்தா மஞ்சு விலகுறப்ப எங்க வெளிச்சமாவது கண்ணுல பட்டிருக்கும். இவன் ஆளே இல்லாத மேல் பக்கம் பாத்து உக்காந்திருக்கான். மூளை குழம்பிப் போச்சு, திசை தெரியலன்னு கீழ ஆஸ்பத்திரியில ஒடம்பைப் பாத்த டாக்டரே சொன்னாரு. உயரத்துல அப்படி ஆகுமாம். அப்புறம் என்னை எதுக்குக் கொற சொல்லணும்?

ஊருக்குக் கொண்டு போனோம். இவ கத்தல, மாருல அடிச்சுக்கல. பதினாறாம் நாள் காரியமெல்லாம் முடிஞ்சு, சொந்தக்காரங்க கிளம்பினப்புறம், நான் சாப்பிடுறப்ப என்கிட்ட வந்து உக்காந்தா. நடந்தது அத்தனையும் சொல்லச் சொன்னா. உங்ககிட்டச் சொன்ன மாதிரியே ஒண்ணு விடாமச் சொன்னேன். ஒளிக்க என்ன இருக்கு? கேட்டுட்டு ஒரே கேள்விதான் கேட்டா. "அவனுக்குப் பின்னால யாரு வந்தா?" அக்காளும் தம்பியும் ஒரே கேள்வி! எனக்கு வந்துச்சு பாருங்க ஆத்திரம், தட்டைத் தூக்கி எறிஞ்சுட்டேன். அன்னையோட சரி. வேணும், வேண்டாங்கிறதுக்கு மேல ஒரு வார்த்தை கிடையாது. சோறு வைப்பா, வெந்நி வைப்பா. மூஞ்சியப் பாக்க மாட்டா.

இந்தத் தைப்பூசத்துக்கு நம்ம குரூப்புல கிளம்புனது என்னையும் சேத்து நாலு பேரு. மத்தவங்க எல்லாம் சாத்தூர்க்காரனோட போயிட்டாங்க. என் பின்னால நடந்தவங்க தம்பி! என் வேலைத் தொட்டுக் கும்பிட்டவங்க! வலிக்குது, ஏன் வலிக்காது? உங்ககிட்டச் சொல்றதுக்கு என்ன, வேலோட முன்னால ஒத்தையில நடந்து போறப்ப அழுகை வந்துருச்சு.

ஆனா பாருங்க, வீட்டுல கொஞ்சம் கொஞ்சமா மாற்றம். சித்திரையில இருந்து இவ விடியக்காலையில எந்திரிச்சு நடக்க ஆரம்பிச்சா. முதல்ல தெருவுல. அப்புறம் பைபாஸ் வரைக்கும். வெறுங்கால்ல. நான் கண்டுக்காத மாதிரி இருந்தேன். ஒரு நாள் சாப்பாடு வச்சுக்கிட்டே சொல்றா, "அந்த மலைக்கு என்னையும் கூட்டிட்டுப் போங்க. தம்பி இருந்த எடத்தைப் பாக்கணும்". எத்தனை மாசம் கழிச்சு வந்த பேச்சு! மனசு எளகிட்டான்னு புரிஞ்சுபோச்சு. எந்தப் பொம்பளையும் புருசன் மேல வெறுப்பு வச்சுக்கிட்டு அவனோட இத்தனை தூரம் வருவாளா? நீங்களே சொல்லுங்க.

எங்க ரெண்டு பேரோட மூணாவது ஆளு யாரும் இல்ல. பிரேம் சிங் வர மாட்டேன்னுட்டான். வேற ஒருத்தன், இன்னும் மீசை அரும்பல, குதிரை வச்சிருக்கான். அவன் குதிரையோட முன்னால போயி உலை வச்சுருவான். கடைசியில ஒரு ஆளு வரணும், நான் என் அண்ணனை அனுப்புறேன்னு அவன் சொன்னான். இவ கைய ஆட்டி வேண்டாம்னுட்டா. "எனக்குப் பின்னால யாரும் வேண்டாம், நீங்க முன்னால போங்க, நான் மெதுவா வர்றேன்"னு என்னைப் பாத்துச் சொன்னா. செலவைக் கொறைக்கப் பாக்குறா. சிக்கனக்காரி, கல்யாணமான நாள்ல இருந்தே.

நேத்து லாட்ஜுல வச்சு அந்தக் கல்லைப் பத்திக் கேட்டா. எவ்வளவு பெருசு, நிழல் இருக்குமா, ஊருணிக்கு எந்தப் பக்கம்னு. சொல்லிக்கிட்டே வந்தேன். "ரெண்டு பேரு உக்காரலாமா?"ன்னா. தாராளமா உக்காரலாம்னேன். எனக்கே கூச்சமாப் போச்சு. இந்த வயசுல நாங்க ரெண்டு பேரும் சேந்து உக்காந்து ஒரு போட்டோ எடுத்துக்கணும்னு அவளுக்கு ஒரு ஆசை போல. அவன் இருந்த எடத்துல உக்காந்து மனசு விட்டுப் பேசிட்டா எல்லாம் சரியாயிரும் தம்பி. எனக்கு நம்பிக்கை இருக்கு. இந்த நடை முடிஞ்சா என் வீடு பழையபடி ஆயிரும். குரூப்பு வேணா போகட்டும், பொண்டாட்டி மூஞ்சியப் பாத்து ஒரு வார்த்தை பேசுனாப் போதும் எனக்கு.

இந்தா, ஊரு வந்துருச்சு போல. தகரக் கொட்டாயி தெரியுதுல்ல, அதான். எல்லாரும் எந்திரிக்குறாங்க. மழை வலுத்துருச்சே. நீங்களும் இங்கதான எறங்கணும்? நல்லதாப் போச்சு. அந்த மேல் பலகையில ரெண்டு பை இருக்கு பாருங்க, எனக்குக் கை எட்டல, கொஞ்சம் எடுத்துக் கொடுங்க. பார்த்து, அந்தக் காக்கிப் பை என்னுது, நல்ல கனம். நாலு நாள் சாமானாச்சே. அந்த நீலப் பை அவளோடது.

என்ன தம்பி, கையில வச்சுக்கிட்டே நிக்குறீங்க? லேசா இருக்கா? லேசாத்தான் இருக்கும். நான் அவளுக்கு வாங்கிக் கொடுத்த ஜாக்கெட்டு, கம்பளி, ஸ்லீப்பிங் பேக் எல்லாத்தையும் நேத்து லாட்ஜுல கூட்டிப் பெருக்குற அம்மாகிட்டக் கொடுத்துட்டா. அந்தம்மாவுக்குக் குளிருதாம். "உனக்கு?"ன்னேன். "எனக்கு ஆகாது"ன்னா. அவ கட்ட வேண்டிய மூட்டையை அவளுக்குக் கட்டத் தெரியும்னு விட்டுட்டேன். குளிரு தாங்குவா, மார்கழியிலயே பச்சைத் தண்ணியில குளிக்கிறவ. உள்ள ஒரு சேலையும் தம்பி போட்டோவும்தான் இருக்கும்.

எதுக்கு அவளையே பாக்குறீங்க? பேசணுமா? தாராளமாப் பேசுங்க, பதில் வராது. என்னது? நீங்க வர்றீங்களா? லீவு போட்டுட்டு எங்களோடயா? அவளுக்குப் பின்னால நடக்கவா? அட, உங்க நல்ல மனசுக்கு ரொம்ப சந்தோசம் தம்பி, ஆனா அதெல்லாம் வேண்டாம். புருசன் பொண்டாட்டி போறதுக்கு நடுவுல நீங்க எதுக்கு? என் வீட்டம்மாவை எனக்குப் பாத்துக்கத் தெரியாதா? பையைக் கொடுங்க. கொடுங்க தம்பி. ஏன் இப்படி இறுக்கிப் புடிச்சுக்கிட்டு நிக்குறீங்க?

ஜெயக்கொடி, எறங்கிட்டியா? அங்க பாரு, குதிரைக்காரன் நிக்கிறான். வழி சறுக்கும், ஓரமாப் புடிச்சுக்கிட்டு நட. நான் முன்னால போயி ரூம் பாக்குறேன். நீ ஒண்ணும் அவசரப்படாத, மெதுவா வா.